வயிற்றின் மேல் ஒரு நூல்கோன்

எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டில், மகள் கல்லூரியில் வாங்கிய கேடயத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், தையல் மிஷினுக்கு நூல் சுற்றி வருகிற கூம்பு வடிவ நூல்கோன் ஒன்று நிற்கிறது. கிளிப்பச்சை நிறம். பாதி நூல் தீர்ந்தது. வீட்டுக்கு விருந்தாக வருகிற ஒறம்பரை யாராவது அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதை எதுக்குங்க சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கறீங்க" என்று கேட்காமல் போனதில்லை. திருப்பூரில் நூல்கோன் என்பது வீட்டுக்கு வீடு கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கிற சாமான். அதை யாரும் காட்சிக்கு வைப்பதில்லை. கேட்பவர்களிடம், "அது என்ற இடுப்புக்கு வைத்தியம் பாத்த டாக்டருங்க" என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போய்விடுவேன். முழுக்கதையையும் சொல்ல உட்கார்ந்தால் டீ ஆறிவிடும். இங்கே அந்தக் கவலை இல்லாததால் சொல்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக்கொண்டே, பிசிறை வெட்டியும் தள்ளுகிற மிஷினுக்கு ஓவர்லாக் என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். என் கைக்கு வேகம் ஜாஸ்தி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவசர ஷிப்மெண்ட் என்றால் சூப்பர்வைசர் முதல் பண்டலை என் மேஜையில்தான் கொண்டுவந்து வைப்பார். எங்கள் ஊரில் ஒரு ஷிப்ட் வேலை பார்த்தால் லீவு போட்ட மாதிரி. ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் ஒரு நாள். சாய்மானம் இல்லாத ஸ்டூலில், முன்னால் குனிந்து, வலது காலைப் பெடலில் வைத்தபடி வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடுப்பு கடைசியில் ஒரு நாள் என்னோடு சண்டைக்கு நின்றது.

முதலில் யாரோ கட்டைவிரலை வைத்து அடி இடுப்பில் அழுத்திக்கொண்டே இருப்பது போலத்தான் இருந்தது. பிறகு அது விரலாக இல்லாமல் முழங்கையாக ஆனது. பஸ்ஸில் உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. வாசலில் கோலம் போடுவதை மகளிடம் விட்டேன். குடத்தை இடுப்பில் வைப்பதை விட்டேன். ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் வராது, மல்லாந்து படுத்தால் விடிந்ததும் எழ முடியாது. எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் நல்ல சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை வயிற்றை எரித்தது. பெல்ட் வெயிலில் வேர்க்குரு தந்தது. காங்கேயம் தேங்காயெண்ணெயில் காய்ச்சிய தைலத்தை என் வீட்டுக்காரர் தேய்த்துத் தேய்த்து, அவர் கை மட்டும் பளபளவென்று ஆனது.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் எங்கள் பகுதியில் வள்ளி கும்மி ஆரம்பித்தார்கள். கொங்கு நாட்டில் இப்போது அதற்கு ஒரு தனி வேகம் உண்டு. முருகன் வள்ளியைத் தேடி வந்து கட்டிய கதையை ஆசிரியர் மைக்கில் பாடுவார். நூற்றுக்கணக்கானவர்கள் வட்டமாக நின்று, குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்பி, பாட்டோடு கதையையும் நகர்த்திக்கொண்டு போவார்கள். வாரக்கணக்கில் பொழுதோடு, அதாவது சாயங்கால நேரத்தில் பழகி, கடைசியில் ஒரே நிறத்தில் சேலை கட்டி, முதன்முதலாகக் காலில் சலங்கை கட்டிக் கோயில் மைதானத்தில் ஆடுகிற நாளுக்கு அரங்கேற்றம் என்று பெயர். என் கல்யாணம் பெரியவர்கள் பார்த்தது. வேலை, வீட்டுத் தேவைக்குப் போனது. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், நானாகப் போய்ப் பெயர் கொடுத்த ஒரே விஷயம் இந்தக் கும்மிதான். அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

முதல் நாள் இரண்டாவது பாட்டுக்கே குனிந்தவள் குனிந்தபடி நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண் என் மேல் மோத, அவள் மேல் இன்னொருத்தி மோத, வட்டமே கலைந்து போனது. ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு மைக் இல்லாமல் பக்கத்தில் வந்து சொன்னார். மரியாதையானவர். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வட்டத்துல ஒருத்தரு நின்னா அத்தனை பேரும் நிக்கோணும். அரங்கேற்றத்துக்குள்ள நிக்காம ஆட முடிஞ்சுதுன்னா வாங்க. உங்க பேரை நான் அடிக்கமாட்டேன். இல்லீன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க." மைதானத்து ஓரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். முழங்கால் வலிக்காரர்களும் இடுப்பு வலிக்காரர்களும் அதில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் கைப்பை, செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருப்பார்கள். என்னையும் அங்கே உட்கார வைத்தார்கள். வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து நாற்காலியில் இருந்தார். "ஆடறவங்களுக்குப் பை பாக்கவும் ஒரு ஆளு வேணுமல்லோ அம்முணி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ மடியிலிருந்த அத்தனை பையையும் தூக்கி மைதானத்தில் வீசலாம் போல இருந்தது. என்னவானாலும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அரங்கேற்றத்தைப் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிசியோ மேடம் எங்கள் கம்பெனிக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். திருப்பூர் ராயபுரத்தில் இருக்கிற கம்பெனி அது. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டதால், புதன்கிழமை தோறும் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்தார்கள். என் மகளைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். முதலுதவி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருவார்கள். கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக யார் வந்து எதைக் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இது எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மேடம், "வலி எங்கனக்கா இருக்கு?" என்று கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. குடிக்கத் தண்ணி நல்லா இருக்குதுங்க. பாத்ரூம் சுத்தமா இருக்குதுங்க. கட்டாயப்படுத்தி ஓவர்டைம் பாக்கச் சொல்றதில்லீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. "நான் பையர் ஆள் இல்லக்கா. வைத்தியம் பாக்க வந்திருக்கேன். உள்ள வந்ததுலேர்ந்து செவுத்தப் புடிச்சிட்டே நிக்கிய, வலி இல்லன்னு சொல்லுதிய." எனக்கு முன்னால் வந்துபோன அத்தனை பேரும் இதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, தன் பாட்டிலை இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

ஸ்கேனையும் டாக்டர் சீட்டையும் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். மிச்ச நூல் அடுக்குகிற அறையும் அதுதான். ரத்தாகிப்போன ஏதோ ஆர்டரின் கிளிப்பச்சைக் கோன் ஒன்றை எடுத்து என் தொப்புள் மேல் நிறுத்தி வைத்தார். "இது விழாம மூச்சு விடுங்கக்கா" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுத்தேன். கோன் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"உங்க வயிறு மூச்சே விடலக்கா. நெஞ்சும் தோளுந்தான் விடுது. வயிறும் இடுப்பும் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தைலத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலிக்கு இந்தப் பிள்ளை காற்றைத் தருகிறதே என்று இருந்தது. "ஏனுங்க மேடம், மூச்சு உடறதுக்கு எல்லாமா படிக்கோணும்?" என்று கேட்டேன். அவர் குனிந்து கோனை எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் என் வயிற்றில் வைத்தார். "விடுததுக்குப் படிக்க வேண்டாம்க்கா. அதைப் பாக்கதுக்குத்தான் பழகணும்."

கோனை இரவலாக என்னிடம் கொடுத்தார். அவர் சொன்ன வேலை சுலபம். காலையில் கொஞ்ச நேரம், பொழுதோடு கொஞ்ச நேரம் இப்படியே படுத்து, வயிற்றில் கோனை வைத்து, மூக்கால் மெதுவாக இழுக்க வேண்டும். கோன் எழும்புவதைப் பார்க்க வேண்டும். இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். கோன் இறங்குவதைப் பார்க்க வேண்டும். மனம் சோற்றுக்கும் சண்டைக்கும் ஓடினால் திட்டாமல் கூட்டி வந்து மறுபடியும் கோனில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான். மூச்சு மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. டீ நேரத்தில் உட்காராமல் நடக்கச் சொன்னார், காலை மடக்கி நீட்டச் சொன்னார், டாக்டரை விட்டுவிடக் கூடாது என்றார். ஆனால் முதலில் மூச்சு என்றார்.

நான் திருப்பூர்க்காரி. எந்த வேலையைக் கொடுத்தாலும் எவ்வளவு சீக்கிரம், எத்தனை பீஸ், பீஸுக்கு என்ன கூலி என்றுதான் எனக்குத் தோன்றும். மறுநாள் காலையில் பாயை விரித்துப் படுத்து, கோனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மளமளவென்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பத்து நிமிஷ வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்தாயிற்று. சாயங்காலம் அதைவிடக் கூட. வலி சீக்கிரம் போக வேண்டுமே என்று ஓவர்டைம் வேறு பார்த்தேன். தலை கிர்ரென்று சுற்றி, விரல்நுனி மரத்துப்போய், எழுந்தவள் சுவரில் சாய்ந்தேன். மகள் ஓடி வந்து, "அம்மா, நீ மூச்சு உடறியா, சைக்கிளுக்குக் காத்தடிக்கறியா" என்றாள். புதன்கிழமை நான் பெருமையோடு கணக்கு ஒப்பித்தேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இது பீஸ் ரேட்டு இல்லக்கா. எத்தனை விட்டியன்னு யாரும் எண்ண மாட்டாவ. ஒண்ணு விட்டாலும் அதைப் பாத்து விடுங்க. விழுந்தா எடுத்து வச்சுக்கிடுங்க, அதுவும் பழக்கந்தான்."

அதற்குப் பிறகு கோன் ஒரு பத்து மூச்சுக்கு நிற்க ஆரம்பித்தது. ஆனால் மிஷினில் உட்கார்ந்தால் வலி பழையபடி வந்துவிடும். இதைச் சொன்னபோது மேடம் நேராக ஹாலுக்கே வந்துவிட்டார். பஞ்சு பறக்கிற வெக்கையில், என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பண்டல் முழுக்க நான் தைப்பதைப் பார்த்தார். என் கையைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் இன்னும் வேகமாகத் தைத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவேயில்லை.

"தையல் ஆரம்பிக்கும்போது மூச்சைப் புடிக்கியக்கா. தைச்சு முடிச்ச பொறவுதான் விடுதிய" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த பீஸை எடுத்து அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே இழுப்பில் தைத்தேன். உண்மைதான். ஊசி இறங்கியதும் மூச்சு நின்றது, வயிறு இறுகியது, இடுப்பு இறுகியது, பல்லோடு பல் அழுந்தியது. தையல் முடிந்ததும்தான் உஸ்ஸென்று வெளியே வந்தது. தையல் கோணாமல் இருக்க மூச்சைப் பிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது. தலையை நிமிர்த்தி லைனைப் பார்த்தேன். அந்தக் கோடி வரை வரிசையாக டெய்லர்கள். ஒருத்தர் விடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லைன் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுத்திருக்கிறது.

அன்றிலிருந்து பெடலை அழுத்தும்போது மூச்சை விடப் பழகினேன். நினைத்ததைவிடக் கஷ்டம் அது. மூச்சைப் பார்த்தால் தையல் கோணியது, தையலைப் பார்த்தால் மூச்சு நின்றது. சூப்பர்வைசர் இரண்டு தடவை என் மேஜைக்கு வந்து, "என்னங்கக்கா, இன்னைக்குப் பண்டல் நகரவே மாட்டேங்குது" என்றார். "மூச்சு உட்டுட்டு இருக்கறனுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் கை பழைய வேகத்துக்கு வந்தது. பெடல் இறங்கும், மூச்சு இறங்கும், தோளும் கூடவே இறங்கும். சாயங்காலம் ஸ்டூலிலிருந்து மேஜையைப் பிடிக்காமல் எழுந்த முதல் நாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள்.

கும்மியிலும் அப்படியே. முதலில் பை நாற்காலியிலேயே உட்கார்ந்து, தட்டுக்குத் தட்டு மூச்சை விட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு பாட்டுக்கு எழுந்து நின்றேன். அடுத்த வாரம் இரண்டு பாட்டு. குனியும்போது விடுவது, நிமிரும்போது இழுப்பது. வலி வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல், எங்கே இருக்கிறது, எரிகிறதா, இழுக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பச் சொல்லியிருந்தார் மேடம். எனக்கு அது, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஒறம்பரையைச் சமாளிப்பது போல என்று புரிந்தது. வந்தாயா, உட்கார். நான் என் வேலையைப் பார்க்கிறேன். பாதிப் பாட்டுகள் ஆடுமளவுக்குத் தேறிவிட்டேன். என் அளவுக்கும் சேலை எடுக்கச் சொல்லி ஆசிரியரே ஆள் அனுப்பினார்.

அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் பெரிய ஷிப்மெண்ட் வந்து விழுந்தது. கண்டெய்னர் வாசலில் நிற்கிறது, ஹாலில் பண்டல் மலையாகக் குவிகிறது. மூச்சாவது ஒன்றாவது. பழையபடி பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். நடப்பதும் இல்லை, நீட்டுவதும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட எழுந்திருக்கப் போனேன், எழ முடியவில்லை. இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மறுநாள் புதன்கிழமை. நான் வீட்டிலிருந்து நூல்கோனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். மேடத்தின் மேஜையில் டொக்கென்று வைத்தேன். "இந்தாங்க உங்க கோனு. நானு பை பாக்கவே போறனுங்க."

அவருக்கு முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எனக்கு அவர் எவ்வளவு சின்னப் பெண் என்று தெரிந்தது. காலில் மரமரப்பு உண்டா, பலம் குறைந்திருக்கிறதா, மூத்திரம் போவதில் ஏதும் சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சோதித்துவிட்டு, அதெல்லாம் இல்லை, பிடிப்புதான் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வலி போயிரும்னு நான் ஒரு நாளும் சொல்லலியேக்கா."

"அப்பறம் எதுக்குங்க இத்தனை நாளா நானு மூச்சு உட்டேன்?"

அவர் எழுந்து வந்தார். என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலுக்கு அடியில் ஒரு துணிப்பண்டலை வைத்தார். கோனை என் வயிற்றில் நிறுத்தினார். பிறகு தன் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு, கீழே சிமெண்டுத் தரையிலேயே மல்லாந்து படுத்து, தண்ணீர் பாட்டிலைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார். "நானும் விடுதேன்க்கா. நீங்களும் விடுங்க." வெளியே மிஷின்கள் ஓடுகிற சத்தம். உள்ளே நாங்கள் இரண்டு பேர். எனக்கு அழுகை வந்தது. அழ அழக் கோன் ஆடியது. ஆனால் விழவில்லை. அழுது ஓய்ந்தபோது வலியை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தேன். அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நான் இறுக்கி வைத்திருந்த தோள், தொடை, தாடை, மூடியிருந்த கைவிரல், இதெல்லாம் வலி இல்லை. பயம். வட்டத்தில் மறுபடியும் நின்றுவிடுவேனோ, எல்லோரும் என் மேல் வந்து மோதுவார்களோ என்ற பயம். உள்ளங்கையளவு வலிக்கு நான் உடம்பு முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அது தெரிந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தானே திறந்துகொண்டன.

தரையிலிருந்து குரல் வந்தது. "அரங்கேற்றம் என்னைக்குக்கா? நானும் பாக்க வாரேன்."

அடுத்த மூன்று நாளும் மூச்சோடு தைத்து, நடந்து, நீட்டியதில் சனிக்கிழமைக்குள் பிடிப்பு விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்போதும் எனக்குக் கண் முன்னால் நிற்கிறது. மாம்பழ மஞ்சள் சேலை, பச்சைக் கரை, தலை நிறைய மல்லிகை. மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். பூஜை முடிந்து சலங்கையை வாங்கிக் காலில் கட்டும்போது, குனிந்தேன் என்பதே எனக்குக் கட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. ஆசிரியர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மேளம் எழுந்தது. வள்ளி பிறந்தாள், வளர்ந்தாள், தினைப்புனம் காக்கப் போனாள். முருகன் வேடனாக வந்தார், வளையல்காரராக வந்தார், கிழவராக வந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நான் வட்டத்துக்குள்தான் இருந்தேன்.

கடைசியில் கல்யாணப் பாட்டு. அதற்கு வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரு திருப்பத்தில் அடி இடுப்பில் அந்த முழங்கை வந்து குத்தியது. ஒரு கணம் பழையபடி வயிறு இறுகியது. திரும்புகிற திசையில் பை நாற்காலிகள் தெரிந்தன. இப்போது விலகினால் யார் மேலும் மோதாமல் போய் உட்கார்ந்துவிடலாம் என்று மனது கணக்குப் போட்டது. வந்தாயா, உட்கார் என்று வலிக்குச் சொன்னேன். அடுத்த தட்டுக்குக் குனியும்போது மூச்சை முழுதாக விட்டேன். அதற்கடுத்த தட்டுக்கும். வலி அங்கேயேதான் இருந்தது. கையும் காலும் சலங்கையும் என் பக்கம் இருந்தன. எனக்குப் பின்னால் ஆடியவள் என் மேல் மோதவில்லை. வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடிந்து, ஆசிரியர் பாட்டை நிறுத்தி, மைதானமே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது நான் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் அடைந்ததில்லை. இதை என் வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை.

சலங்கை குலுங்க நாற்காலிப் பக்கம் நடந்தேன். பிசியோ மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஏழெட்டுக் கைப்பை, தோளில் இரண்டு, கையில் யாருடையவோ செல்போன்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் பழுப்பு நிறப் பை. முகத்தைத் துடைக்கவும் அவருக்குக் கை ஒழியவில்லை, கன்னத்தில் ஈரம் அப்படியே இருந்தது. "எத்தனை பைக்கா கொண்டாந்திருக்கிய எல்லாரும், என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றார். பக்கத்தில் என் நங்கையா. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்முணி, அடுத்த தடவை என்ற பேரையும் குடுத்துப்போடு" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ கோயிலில் கும்மி ஆடிவிட்டேன். நங்கையாவும் ஆடினார். எங்கள் லைனில் இப்போது நான்கைந்து பேர் பெடலோடு மூச்சு விடுகிறார்கள். யாராவது உதட்டை இறுக்கினால் எதிர் மேஜைக்காரி நூல்கண்டை எறிவாள். வலி எனக்கு இன்னமும் வரும். ஷிப்மெண்ட் சமயத்தில், மழைக்காலத்தில், சில நாள் காரணமே இல்லாமல். வந்துவிட்டுப் போகும். என்னை நாற்காலியில் உட்கார வைக்க அதனால் முடிந்ததில்லை. மேடம் மறு வருஷமே கல்யாணமாகி அவர் ஊர்ப்பக்கம் போய்விட்டார். போகும்போது கோனை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனிச் சொத்து என்று நான் இழுத்தேன். ரத்தான ஆர்டர்தானேக்கா என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறதாம். தூக்கித் தூக்கி, குனிந்து குனிந்து, இடுப்பு பிடித்துக்கொண்டதாம். டாக்டர் பார்த்துவிட்டாராம், பயப்பட ஒன்றுமில்லையாம். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன்க்கா. எனக்குன்னு வந்தா ஒரு மூச்சு ஒழுங்கா விட முடியல. கோவங்கோவமா வருது." எனக்கு அந்தச் சிமெண்டுத் தரை ஞாபகம் வந்தது.

டி.வி. ஸ்டாண்டிலிருந்து கோனை எடுத்தேன். பாயை விரித்து, முழங்காலை மடக்கிப் படுத்து, போனைத் தலைமாட்டில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். "நானும் படுத்துட்டேனுங்க. உங்க வயித்து மேல ஏதாச்சும் வெய்யுங்க மேடம்." அந்தப் பக்கம் எதையோ தேடுகிற சத்தம். பிள்ளையின் பவுடர் டப்பா கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் மூச்சு விட்டோம். என் வயிற்றில் கிளிப்பச்சைக் கோன் எழும்பி இறங்கியது. அதற்கு இப்போது விழவே தெரியாது. அந்தப் பக்கம் டப்பா விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு விசும்பல். "விழுந்துட்டுக்கா."

அத்தனை வருஷமும் மேடம் மேடம் என்று கூப்பிட்ட வாய்தான். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"விழுந்தா எடுத்து வெய்யி கண்ணு" என்றேன். "நாம என்ன பீஸ் ரேட்டுக்கா மூச்சு உடறோம்?"